உங்களை மறப்போமா?

அத்தியாயம் 14

மாப்பிள்ளை ஃபராஸின் ஷேர்வானி ரகளை போன வாரத்தோடு தீர்ந்தது. தோள் அளவு சரியாகிவிட்டது, தி.நகர் தையல்காரருக்கும் மூச்சு திரும்பிவிட்டது. இனி அந்தப் பேச்சை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று பெண்ணின் அம்மா அஃப்சருன்னிசா சொல்லிவிட்டார். நாமும் எடுக்க வேண்டாம்.

இன்று சனிக்கிழமை. மூத்த மகள் அதீபாவின் நிக்காஹ் அடுத்த வார ஞாயிறு. கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில், தரைத்தளத்தில் இருக்கும் அந்த வீட்டில் காலை எட்டரைக்கே மூன்று போன்கள் மாறி மாறி அடித்தன. மூன்றிலும் நல்ல செய்திதான். கல்யாணத்துக்கு எட்டு நாள் முன்னால் ஒரு வீட்டுக்கு நல்ல செய்தியாகவே வருகிறது என்றால், எங்கேயோ கோளாறு என்று அர்த்தம். அது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

திருவல்லிக்கேணி சின்னம்மா அழைத்து, கல்யாணப் பட்டியலில் என் பெயரை நான் போடுவதற்கு முன்னாலேயே போட்டு வைத்திருக்கிறீர்களே என்று தழுதழுத்தார். ஆற்காட்டிலிருந்து தூரத்து உறவு ஒருவர், இந்தக் காலத்தில் இப்படி நினைப்பு வைக்கிறவர்கள் யார் இருக்கிறார்கள் என்றார். மாடி வீட்டு வைதேகி படியிறங்கியே வந்துவிட்டார்.

"நம்பரைப் போட்டேன், ஏற்கெனவே இருக்குன்னு வந்துடுத்து. எங்க ரெண்டு பேருக்கும் சைவம்னு போட்டிருக்கேளோன்னோ?"

போட்டிருப்பார்கள் மாமி என்று அஃப்சருன்னிசா சிரித்து அனுப்பினார். கணவர் போட்டிருப்பார் என்று அவர் நினைத்தார். கணவர் இனாயத் பாய், சின்ன மகள் ரூஹி போட்டிருப்பாள் என்று நினைத்தார். ரூஹியோ, அம்மி, அதாவது அம்மா, ஒவ்வொருவருக்காக உட்கார்ந்து போட்டிருக்கிறார் போல என்று நினைத்துப் பெருமைப்பட்டாள். ஒருவரை ஒருவர் அவ்வளவு நம்புகிற குடும்பம் அது. நம்பியதால் ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

விஷயத்தைக் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்ல வேண்டும்.

இந்தக் குடும்பத்தில் அழைப்பு என்றால் வீடு தேடிப் போய் அழைப்பதுதான். புருஷனும் மனைவியும் சேர்ந்து போக வேண்டும், உட்கார வேண்டும், ஒரு வாய் தண்ணீராவது குடிக்க வேண்டும். அப்புறம்தான் பத்திரிகையைப் பையிலிருந்து எடுக்க வேண்டும். நின்றபடி நீட்டினால் அது பத்திரிகை இல்லை, துண்டு நோட்டீஸ். ஆனால் இந்த முறை இனாயத் பாய்க்கு முட்டி ஆபரேஷன் நடந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. ஒரு நாளைக்குப் பத்துப் படிக்கு மேல் ஏறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் பாய் எல்லா வீட்டுக்கும் போன் செய்து அழைத்தார், ரூஹி ஒரு வலைப்பக்கம் எழுதினாள்.

ரூஹிக்கு இருபத்துமூன்று வயது. தி.நகரில் ஒரு சின்ன கம்பெனியில் வலைப்பக்கம் எழுதுகிற வேலை, சேர்ந்து ஏழு மாதம். ஏழு மாத அனுபவத்துக்கு உரிய தைரியம் அவளிடம் தாராளமாகவே இருந்தது. பெயர், போன் நம்பர், எத்தனை பேர், பிரியாணியா சைவமா, குறிப்பு என்று பக்கத்தில் ஐந்து கட்டங்கள். நிரப்பி அழுத்தினால் பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மூன்று வாரம் முன்பு ஒரு வெள்ளிக்கிழமை மாலை பக்கம் தயாரானதும், போனை அப்பாவிடம் நீட்டி, ஏதாவது ஒன்றைப் போட்டுச் சோதித்துப் பாருங்கள் என்றாள். இனாயத் பாய் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒற்றை விரலால் பத்து நிமிஷம் தட்டினார். அதற்குள் அவள் எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். போய்விட்டது என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தார். வீட்டு நம்பரைப் போட்டிருப்பார் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அஃப்சருன்னிசா ஒரு சந்தேகம் கிளப்பினார். புருஷன் ஒரு தடவை, பெண்டாட்டி ஒரு தடவை, மகன் ஒரு தடவை என்று ஒரே வீட்டு ஆட்கள் அதே நம்பரைத் திரும்பத் திரும்பப் போட்டால் சோறு எவ்வளவு மிஞ்சும்? நியாயமான கேள்வி. ரூஹி அங்கேயே உட்கார்ந்து ஒரு சோதனையைச் சேர்த்தாள். நம்பரைப் போட்டதும் அது பட்டியலில் இருக்கிறதா என்று பக்கம் முதலில் பார்க்கும். இருந்தால், இருக்கிறது என்று சொல்லிவிடும்.

எப்படிச் சொல்வது? அதை அம்மி சொல்லச் சொல்ல ரூஹி எழுதினாள்: 'உங்கள் பெயர் ஏற்கெனவே எங்கள் பட்டியலில் இருக்கிறது. உங்களை மறப்போமா?'

வீட்டு நம்பரைப் போட்டுப் பார்த்தாள். அந்த வரி அழகாக வந்து நின்றது. தாயும் மகளும் சந்தோஷமாக நாஷ்டா சாப்பிடப் போனார்கள். போன புதன்கிழமை அதன் லிங்க் உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்கெல்லாம் போனது.

இப்போது சனிக்கிழமைக்குத் திரும்பி வரலாம். இனாயத் பாய் ஆட்டோவில் ஈக்காட்டுத்தாங்கல் போய்விட்டார். அங்கே கார் சீட் கவர் தைக்கிற பட்டறை வைத்திருக்கிறார், சனிக்கிழமை பாதி நாள். அதீபா ரவிக்கை அளவு பார்க்கத் தோழியோடு கிளம்பிவிட்டாள். பதினோரு மணிக்கு வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. இறங்கியவரைப் பார்த்து அஃப்சருன்னிசா கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டார்.

ஜமீலுன்னிசா. இனாயத் பாயின் ஒரே தங்கை, ரூஹிக்கு ஃபுப்பு, அதாவது அத்தை. திருவான்மியூரிலிருந்து மைலாப்பூர் வர முக்கால் மணி நேரம் ஆகும். அவருக்குப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

"பாபி, உள்ள வரலாமா? இல்ல, கூரியர் ஆளு மாதிரி இங்கயே கையெழுத்து வாங்கிக்கிட்டுப் போகணுமா?"

அண்ணியைப் பாபி என்று அழைத்துக் கேட்ட அந்த ஒரு கேள்விக்குள் பழைய கதை முழுசாக இருந்தது. பதினோரு வருஷம் முன்பு இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது இனாயத் பாய் விருந்து வைத்தார். பட்டறையில் அந்த வாரம் வேலை நெரிசல். வெளியூர்க்காரர்களுக்கு அனுப்ப வேண்டிய பத்திரிகைக் கட்டில் தங்கையின் பத்திரிகையும் சேர்ந்து கூரியரில் போய்விட்டது. ஜமீலுன்னிசா வரவில்லை. தவறிப் போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாய் சொல்லவில்லை, வராதது தங்கையின் குற்றம் என்று வைத்துக்கொண்டார். ஐந்து வருஷம் கழித்து ஜமீலுன்னிசாவின் மகனுக்குக் கல்யாணம். அண்ணன் வீட்டுக்கும் பத்திரிகை கூரியரில் வந்தது. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் கேட்டார்கள். அது ஜமீலுன்னிசாவின் கணவர் யோசனை என்று உறவில் ஒரு பேச்சு உண்டு. அன்றைக்கே பாய் தங்கையின் நம்பரைப் போனிலிருந்து அழித்தார்.

அதற்குப் பிறகு மௌத்து வீடுகளில், அதாவது சாவு வீடுகளில், மட்டும் எதிரெதிரே உட்காருவார்கள். ஒருவரின் சுகர் எப்படி இருக்கிறது என்று மற்றவர் மூன்றாம் ஆளிடம் விசாரிப்பார்.

அந்த ஜமீலுன்னிசா இப்போது ஒரு கையில் தம் ரூட் இனிப்பு டப்பாவும் மறு கையில் போனுமாக வாசலில் நிற்கிறார். அஃப்சருன்னிசா அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்து அப்படியே கட்டிக்கொண்டு அழுதார். ரூஹிக்கும் கண் கலங்கியது. பன்னிரண்டு வயதில் தனக்குத் தலை பின்னிவிட்ட ஃபுப்புவின் மோதிரக் கைகள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தன.

அழுகை அடங்கியதும் ஃபுப்பு போனை நீட்டினார். புதன்கிழமையே மருமகள் ஆஃப்ரீனுக்கு அந்த லிங்க் எவர் மூலமோ வந்திருக்கிறது. மாமியாரிடம் காட்டியிருக்கிறாள். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அதைத் தொடவில்லையாம்.

"என் பேரு இருக்காதுன்னு தெரிஞ்சுதான் இன்னிக்கு நம்பரைப் போட்டேன் பாபி. இல்லைன்னு வந்துட்டா மனசு ஒரு வழியா அடங்கிடும்னு பாத்தேன். இது வந்துச்சு." அவர் அதைப் படித்துக் காட்டினார், ஒவ்வொரு சொல்லாக. "பாய்ஜான் வாயில வராதது, போன்ல வந்துச்சு."

பாய்ஜான் என்று அவர் அழைக்கும் அண்ணன் வீட்டுக்கு ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். அவ்வளவுதான் கதை.

அடுத்த அரை மணியில் ஃபுப்பு இந்த வீட்டில் பதினோரு வருஷமும் இருந்தவர் மாதிரி ஆகிவிட்டார். தால்சாக் குழம்பில் புளி போதாது என்றார். மஞ்சள் சடங்குக்கு வாங்கிய பூக்கூடை சின்னது என்றார். அதீபாவின் நிக்காஹ் துப்பட்டாவை எடுத்து மடியில் விரித்துக்கொண்டு, பிரிந்திருந்த ஜரிகை ஓரத்தைத் தைக்கத் தொடங்கினார். அஃப்சருன்னிசாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஒரு நாத்தனார் குறை சொல்லச் சொல்ல அண்ணி பூரித்துப் போவதை நாம் அடிக்கடி பார்க்க முடியாது.

பன்னிரண்டே காலுக்கு பிரியாணி மாஸ்டர் ரெஹான் போன் செய்தார். ரூஹி எடுத்தாள்.

"இன்னாம்மா, தல கணக்கு இன்னும் வர்ல? நாலு மணிக்குள்ள கறிக்கடைல சொல்லணும். முந்நூறா நானூறா, ஒரு நம்பர் குடு. இன்னொரு கல்யாணமும் அன்னிக்கே கீது, தேக்சா பாத்திரத்தப் பிரிச்சு அனுப்பணும்."

இதோ பார்த்துச் சொல்கிறேன் என்று ரூஹி மடிக்கணினியைத் திறந்தாள். பட்டியலில் எத்தனை பெயர் சேர்ந்திருக்கிறது என்று காட்டுகிற ஒரு மூலை அதில் இருந்தது.

மொத்தம்: 1.

அவள் பக்கத்தை மூடித் திறந்தாள். மறுபடியும் 1. அந்த ஒன்றும் அப்பா அன்று சோதித்துப் பார்த்தது. அந்தக் கணக்குப்படி கல்யாணத்துக்கு ஒருவரும் வரவில்லை. அத்தனை பேரும் சந்தோஷமாகப் போன் செய்துகொண்டிருந்தார்கள், பட்டியலில் ஒருவர் கூட இல்லை.

பக்கத்துக்காக எழுதியதைத் திறந்து வரி வரியாகப் படித்தாள். ஒரே ஒரு வரியில் இருந்தது தப்பு. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே சீனியர் சிந்து சொல்லிக் கொடுத்த விஷயம்தான் அது.

அவள் சமையலறைக்குப் போய் அம்மியின் முழங்கையைத் தொட்டு, குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னாள். அம்மிக்குப் புரியவில்லை.

"கடைக்கு ஒருத்தரை அனுப்பி பால் இருக்கான்னு கேட்டுட்டு வரச் சொல்றோம்ல, அம்மி. அவரு போயிட்டு வந்துட்டாரு. வந்துட்டாரே, அப்ப பால் இருக்குன்னு நான் முடிவு பண்ணிட்டேன். இருக்குன்னு சொன்னாரா இல்லைன்னு சொன்னாரான்னு காதுல வாங்கவே இல்ல."

"அப்ப எல்லாருக்கும் அந்த வரிதான் வந்துச்சா?"

"எல்லாருக்கும். உலகத்துல எந்த நம்பரைப் போட்டாலும் அதுதான் வரும். ஏற்கெனவே இருக்குன்னு சொன்னதால ஒருத்தர் பேரும் உள்ள போகல."

"நீ சோதிச்சுத்தானே பாத்தே?"

"இருக்கிறதை இருக்குன்னு சொல்லுதான்னு பாத்தேன். இல்லாததை இல்லைன்னு சொல்லுதான்னு பாக்கல."

அஃப்சருன்னிசா அடுப்பைத் தணித்தார். பிரியாணி, கறி, ரெஹான் மாஸ்டர் எதுவும் அவர் நினைப்பில் இல்லை. கூடத்துப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அங்கே ஃபுப்பு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப உன் ஃபுப்பு பேரு?"

இல்லை என்று ரூஹி தலையை அசைத்தாள்.

இது தெரிந்தால் ஜமீலா எழுந்து போய்விடுவார் என்று அம்மி சொன்னார். போனால் இந்த ஜென்மத்தில் இந்த வாசலை மிதிக்க மாட்டார். கூரியரில் வந்த அழைப்பாவது அழைப்பு, இது அதுவும் இல்லை. வாயைத் திறக்காதே என்று மகளின் கையை அழுத்தினார்.

சாவி சத்தம் கேட்டது. இனாயத் பாய் கைத்தடியோடு உள்ளே வந்தார்.

நம் இனாயத் பாயை நமக்குத் தெரியும். கோபத்தில் சத்தம் போடுவார், சந்தோஷத்தில் கனைப்பார், நடுவில் இருக்கிற எதற்கும் அவரிடம் வார்த்தை கிடையாது. தங்கையைப் பார்த்ததும் செருப்பை ஒரு காலில் கழற்றியபடி அப்படியே நின்றார். தாயும் மகளும் சமையலறைக் கதவில் ஒட்டிக்கொண்டார்கள்.

"வந்தியா ஜமீலா."

"என் பேரைப் போட்டிருந்தீங்களே பாய்ஜான். வந்தேன்."

பாய் மற்ற செருப்பையும் கழற்றினார். கைத்தடியைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"ஆமா. போட்டேன்" என்றார்.

பிறகு சுகர் எப்படி என்று கேட்டார், நேராக அவரிடமே. முட்டி எப்படி என்று ஃபுப்பு கேட்டார். இரண்டு கேள்விக்கும் இருவருமே பரவாயில்லை என்றார்கள். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

சமையலறையில் தால்சா ஊற்றும்போது அஃப்சருன்னிசா மகளின் காதில், முப்பது வருஷத்தில் இந்த மனுஷன் இன்றைக்குத்தான் ஒரு பொய்யை இவ்வளவு அழகாகச் சொல்லியிருக்கிறார் என்றார். விஷயம் என்னவென்றே தெரியாமல் சட்டென்று தாங்கிப் பிடித்துவிட்டாரே என்று ரூஹிக்கும் அப்பா மேல் பெரிய பாசம் வந்தது. பகாரா சோற்றில் ஒரு கரண்டி கூடுதலாக வைத்தாள்.

ஆனால் பொய் நாலு மணி வரைக்கும்தான் தாங்கும். அது அவளுக்குத் தெரிந்திருந்தது. எல்லாக் குழுக்களுக்கும், எங்கள் பக்கத்தில் தவறு, தயவு செய்து மறுபடி பதியுங்கள் என்று செய்தி அனுப்பியே ஆக வேண்டும். ஆஃப்ரீனுக்கு அது பத்து நிமிஷத்தில் போய்ச் சேரும். ஃபுப்பு திரும்ப நம்பரைப் போட்டுப் பார்ப்பார். சரிசெய்த பக்கம் உண்மையைச் சொல்லிவிடும்.

இதை அம்மியிடம் சொன்னதும் அம்மி வழி கண்டுபிடித்தார். செய்தி போவதற்கு முன்னால் ஜமீலா பெயரை நீயே உள்ளே போட்டுவிடு என்றார். யாருக்கும் தெரியப் போவதில்லை. அல்லாஹ் மன்னிப்பான், கல்யாண வீடு.

இனாயத் பாய் லுஹர் தொழுதுவிட்டுக் கூடத்தில் சோபாவில் காலை நீட்டிப் படுத்தார். ரூஹி அறைக்குப் போய் மடிக்கணினியோடு உட்கார்ந்தாள். தப்பைச் சரிசெய்ய ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை. பதில் வந்ததா என்று கேட்ட இடத்தில், பதிலில் பெயர் இருந்ததா என்று கேட்க வைத்தாள். சிந்துவின் நம்பரைப் போட்டுப் பார்த்தாள். 'உங்கள் பெயர் இன்னும் பட்டியலில் இல்லை, சேர்த்துக்கொள்ளலாமா?' என்று வந்தது. இந்த முறை இல்லாததை இல்லை என்றது.

இனி ஃபுப்புவின் பெயர். அம்மி சீட்டில் எழுதிக் கொடுத்திருந்த நம்பரைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகத் தட்டினாள்.

"அது என் நம்பர் ஆச்சே."

தைத்து முடித்த துப்பட்டாவைக் கையில் ஏந்திக்கொண்டு ஃபுப்பு பின்னால் நின்றிருந்தார்.

ரூஹிக்குப் பொய் சொல்லத் தெரியாது. சொல்ல முயன்றால் காது சிவந்துவிடும். அப்பாவிடமிருந்து வந்தது அது. அவள் எழுந்து ஃபுப்புவை நாற்காலியில் உட்கார வைத்து, தரையில் தான் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னாள். பால் வாங்கப் போனவர் கதையையும் சொன்னாள். மன்னிச்சிடுங்க என்று இரண்டு தடவை சொன்னாள்.

ஃபுப்பு துப்பட்டாவை மடித்துக் கட்டிலில் வைத்தார். மடித்ததையே இன்னொரு முறை மடித்தார்.

"அப்ப என் பேரு அங்க இல்ல."

"யாரு பேருமே இல்ல ஃபுப்பு."

"பாய்ஜான் போட்டேன்னு சொன்னாரே."

ஃபுப்பு கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். முகத்தில் கோபம் இல்லை, அதுதான் ரூஹிக்குத் தாங்கவில்லை. காலையில் வாசலில் கூரியர் என்று குத்திய அந்த மிடுக்கு எங்கேயோ போய்விட்டிருந்தது. ஐம்பத்துநாலு வயதுப் பெண்மணி ஒரு நிமிஷத்தில் களைத்துப் போயிருந்தார்.

"அழுத்து அதை" என்றார்.

"எதை?"

"என் நம்பரைத்தான் போட்டுட்டியே. அழுத்து. நானும் பாத்துட்டுப் போறேன். இல்லைன்னு வரட்டும்."

ரூஹி அழுத்தினாள்.

'உங்கள் பெயர் ஏற்கெனவே எங்கள் பட்டியலில் இருக்கிறது. உங்களை மறப்போமா?'

"இன்னும் சரியாகல போல இருக்கே உன் மெஷினு" என்றார் ஃபுப்பு. கேலியாகத்தான் சொல்லப் பார்த்தார்.

சிந்துவின் நம்பரை மறுபடி போட்டாள். இல்லை என்று வந்தது. வீட்டு நம்பரைப் போட்டாள். அதுவும் இல்லை என்று வந்தது. அப்பா சோதித்துப் பார்த்தது வீட்டு நம்பர் இல்லையா? ஃபுப்புவின் நம்பரைத் திரும்பப் போட்டாள். இருக்கிறது, உங்களை மறப்போமா.

அவள் பட்டியலையே திறந்தாள். மூன்று வாரமாக யாரும் திறந்து பார்க்காத பட்டியல். ஒரே ஒரு வரி.

பெயர்: ஜமீலுன்னிசா. அதன் பக்கத்தில் அவர் நம்பர், ஓர் எண் கூடப் பிசகாமல். எத்தனை பேர்: 4. பிரியாணி. கடைசிக் கட்டத்தில், குறிப்பு: நேரில் போய் அழைக்கணும்.

தேதி, மூன்று வாரம் முந்தைய வெள்ளிக்கிழமை. நேரம், மாலை ஆறு பத்து. ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்கிற அந்தச் சோதனையை அவள் எழுதுவதற்கு முன்தினம்.

ஃபுப்பு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"என் நம்பரை அழிச்சிட்டாருன்னு கேள்விப்பட்டேன்" என்றார் ஃபுப்பு.

"அழிச்சிட்டாரு ஃபுப்பு. போன்ல இல்ல. அம்மியே சொல்லியிருக்காங்க."

ஃபுப்பு அந்தப் பத்து எண்ணையும் விரலால் தொட்டுக்கொண்டு போனார். பிறகு நான்கு என்ற இடத்தில் விரல் நின்றது. தான், தன் கணவர், மகன் என்று எண்ணினார். நாலாவது ஆஃப்ரீன். அந்த மருமகளை அண்ணன் இதுவரை பார்த்ததே இல்லை. அவளையும் சேர்த்துத்தான் எண்ணியிருக்கிறார்.

அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. சத்தமில்லாமல் அழுதார். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடித்தபோது பழைய மிடுக்கு திரும்பி வந்திருந்தது.

"நேர்ல போய் அழைக்கணும்னு எழுதி வச்சிட்டு மூணு வாரமா வரல பாரு, உங்கப்பா" என்றார். கைப்பையைச் சரிசெய்துகொண்டு கூடத்துக்குப் போனார்.

சோபாவில் பாய் எழுந்து உட்கார்ந்தார். கைப்பையோடு வருகிற நாத்தனாரைப் பார்த்து அஃப்சருன்னிசாவுக்கு முகம் வெளுத்தது. மகளை ஒரு பார்வை பார்த்தார்.

"நான் கிளம்பறேன் பாய்ஜான்."

"ஏன், ராத்திரி சாப்பாடு..."

"அழைப்பு வராத கல்யாணத்துக்கு நான் எப்படி வேலை செய்யறது? நாளைக்குப் பத்து மணிக்கு வீட்ல இருப்பேன். பாபியையும் கூட்டிக்கிட்டு வாங்க. உக்காந்து தண்ணி குடிச்சிட்டுச் சொல்லுங்க."

இனாயத் பாய் தங்கையைப் பார்த்தார், அவர் பின்னால் மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிற மகளைப் பார்த்தார். புரிந்துவிட்டது. இரண்டு காதும் சிவந்துவிட்டன. பெரிதாக ஒரு கனைப்பு கனைத்தார்.

"மச்சான் இருப்பாரா?" என்று மட்டும் கேட்டார்.

"இருப்பாரு. நான் இங்க வந்ததே அவருக்குத் தெரியாது." வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே ஃபுப்பு சொன்னார். "மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது. நாப்பத்தெட்டுப் படி, நானே எண்ணியிருக்கேன்."

ஆட்டோ கிளம்பியது. ரூஹி நடந்ததைச் சொல்லச் சொல்ல அஃப்சருன்னிசா சிரித்தார், அழுதார், இந்த மனுஷனுக்குப் பொய் சொல்லவே வராது என்பதை நான் எப்படி மறந்தேன் என்று தலையில் தட்டிக்கொண்டார்.

குழுக்களுக்குச் செய்தி போனது. கொஞ்சம் முணுமுணுப்பு வந்தது, அதற்கு மேல் சிரிப்பு வந்தது. ஏற்கெனவே மறக்கவில்லை என்றீர்களே, இப்போது மறந்துவிட்டீர்களா என்று ஆற்காட்டுக்காரர் போன் செய்தே கேட்டார். வைதேகி மாமி முதல் ஆளாக இரண்டு சைவம் போட்டார். நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ரூஹி ரெஹான் மாஸ்டரிடம் முந்நூற்றுப் பதினாறு என்றாள். அதில் ஜமீலா வீட்டு நாலு பேரும் உண்டா என்று சோபாவிலிருந்து அப்பா கேட்டார்.

"அவங்கதாம்பா முதல் வரி."

பாய் கனைத்தார். மேஜையில் மீதி இருந்த பத்திரிகைகளில் ஒன்றை எடுத்து, உறையின் மேல் மச்சானின் பெயரை முதலிலும் தங்கையின் பெயரை அடுத்தும் தன் கையாலேயே எழுதினார். மை காயும்வரை ஊதினார்.

"ஒரு நாளைக்குப் பத்துப் படின்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்று அஃப்சருன்னிசா ஞாபகப்படுத்தினார். "நாப்பத்தெட்டு எப்படி ஏறுவீங்க?"

"முட்டிக்குப் போடற பட்டையை எங்க வச்சே?" என்றார் இனாயத் பாய். "காலையில சீக்கிரம் கிளம்பிடலாம். ஒவ்வொரு மாடியிலயும் கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போனாலும் பத்து மணிக்குக் கதவைத் தட்டிடலாம்."

கதவைத் திறக்கப்போவது தங்கையா, மச்சானா என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.